ஒரு மடக்குத் தண்ணீர், ஒரு வார்த்தை

பக்கவாதம் வந்து ஒருவர் சாய்ந்தால், நம் வீடுகளில் முதலில் ஓடிவருவது தண்ணீர்ச் செம்புதான். வாய் ஒரு பக்கம் கோணியிருக்கும், நாக்கு குழறும், கண்கள் மிரளும். "நா வறண்டு போயிருக்கும், ஒரு மடக்கு ஊத்து" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வார். அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்த நேரத்தில் அவருக்குக் கொடுக்கக் கூடாதவற்றில் முதல் இடம் தண்ணீருக்கு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் சில நாட்களில் விழுங்கும் திறன் சரியாக இருப்பதில்லை. ஊற்றிய தண்ணீர் இரைப்பைக்குப் போகாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் வரும், மூச்சு இரைக்கும். "சளி கட்டிக்கிச்சு" என்பார்கள். பக்கவாதத்திலிருந்து பிழைத்தவரை நிமோனியா கொண்டுபோய்விடுவது இப்படித்தான்.

விழுங்குவதில் கோளாறு என்றால் யாரிடம் போவது? பேச்சுப் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்டிடம் என்று சொன்னால் தென்காசிப் பக்கத்தில் பலருக்கும் திகைப்பாக இருக்கும். "பேச்சு நல்லாத்தான இருக்கு, சோறுதான இறங்க மாட்டேங்கு, அங்க எதுக்கு?" என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் உதடு, நாக்கு, அண்ணம், தொண்டை, குரல்வளை ஆகிய இதே உறுப்புகள்தான் ஒரு வார்த்தையை உருவாக்குகின்றன, ஒரு கவளத்தை உள்ளே அனுப்பவும் செய்கின்றன. அவற்றை இயக்கும் நரம்புகளும் பெரும்பாலும் அவையே. அதனால் இந்தத் துறையில் படிப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே படிக்கிறார்கள். நம் நாட்டில் இதற்கான பெரிய நிறுவனம் மைசூரில் 1965-ல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம். தமிழ்நாட்டில் சென்னை மருத்துவக் கல்லூரி உட்படச் சில இடங்களில் இதற்குப் பட்டப்படிப்பு இருக்கிறது.

இரண்டு விரல்களைத் தொண்டை மேட்டின் மீது லேசாக வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பாருங்கள். அந்த மேடு மேலே ஏறி, ஒரு நொடி முன்னால் தள்ளி, திரும்ப இறங்கும். அந்த ஒரு நொடிக்குள் நடப்பவை ஏராளம். நாக்கு கவளத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. மென்மையான அண்ணம் உயர்ந்து மூக்குப் பக்கத்து வழியை அடைக்கிறது. குரல்வளை மேலேறி நாக்கின் அடியில் ஒதுங்குகிறது. குரல் நாண்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி மூச்சுக்குழாயின் வாயைச் சாத்துகின்றன. குரல்வளை மூடி அதன் மேல் கவிழ்கிறது. மூச்சு நின்றுவிடுகிறது. எப்போதும் இறுக மூடியே இருக்கும் உணவுக்குழாயின் மேல்வாய் அப்போதுதான் திறந்து கவளத்தை வாங்கிக்கொள்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட தசைகளும் ஐந்து ஜோடி மூளை நரம்புகளும் சேர்ந்து செய்யும் இந்த வேலையை நாம் ஒரு நாளில் பல நூறு தடவை, தூக்கத்தில்கூட, யோசிக்காமல் செய்கிறோம்.

மூச்சும் சோறும் குறுக்கிடும் இடம் தொண்டை. தண்டவாளமும் சாலையும் குறுக்கிடும் ரயில்வே கேட் மாதிரி அது. ஒன்று போகும்போது இன்னொன்று நிற்க வேண்டும். கேட் சாத்துவது அரை நொடி பிந்தினாலும் விபத்துதான். பக்கவாதம், பார்கின்சன் நோய், தலைக்காயம், கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கான அறுவையும் கதிர்வீச்சும், குழந்தைகளுக்கு வரும் மூளை முடக்குவாதம், முதுமை மறதி நோய் என எது வந்தாலும் கெடுவது பெரும்பாலும் இந்த நேரக்கணக்குதான். சோறு போகும் வழியில் அடைப்பு இருக்க வேண்டும் என்பதில்லை. இதனால்தான் கெட்டியான சோற்றை எப்படியோ விழுங்கிவிடுகிறவர் தண்ணீரில் தடுமாறுகிறார். தண்ணீர் வேகமாக ஓடும். கேட் சாத்தும்வரை காத்திருக்காது.

சாப்பிடும்போது புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்காவ" என்று சொல்வது நம் வழக்கம். எப்போதாவது புரையேறுவதில் கவலைப்பட ஒன்றுமில்லை. தவறிப் போனதை உடம்பு இருமி வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். தினமும், அதுவும் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் ஏறுகிறது என்றால் அதை நினைப்பின் மேல் போடக் கூடாது. விழுங்கியபின் குரல் கரகரவென்று ஈரமாக மாறுவது, ஒரு கவளத்தை இரண்டு மூன்று முறை விழுங்குவது, கடைவாயில் சோறு தங்கிக் கிடப்பது, மூக்கு வழியாகத் திரும்பி வருவது, சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் எடுப்பது, காரணம் தெரியாமல் எடை குறைவது, சளிக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருவது எல்லாமே விழுங்குதல் கோளாறின் அறிகுறிகள்.

இதில் மிகவும் அஞ்ச வேண்டியது இருமலே வராத நிலை. தொண்டையின் உணர்வு நரம்புகள் மரத்துப்போனவருக்குத் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கினாலும் தெரியாது. புரையேறாது, முகம் சுளிக்காது. பக்கத்தில் இருப்பவர் "நல்லாக் குடிக்காரே" என்று மகிழ்ந்து இன்னொரு டம்ளர் ஊற்றுவார். வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு இரண்டு சோதனைகள் உண்டு. பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே வீடியோவாக எடுப்பது ஒன்று. மூக்கு வழியாக மெல்லிய கேமராவை இறக்கித் தொண்டையை நேரே பார்ப்பது மற்றது. அமெரிக்கப் பேச்சு மருத்துவ வல்லுநர் சூசன் லாங்மோரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1988-ல் அதை விவரித்தார்கள். இவை பெரிய மருத்துவமனைகளில்தான் கிடைக்கும். ஆனால் பயிற்சி பெற்ற ஒருவர் படுக்கை அருகிலேயே செய்யக்கூடிய முதற்கட்டச் சோதனைக்கு ஒரு கரண்டியும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும். பக்கவாத நோயாளிக்கு வாய்வழியாக மாத்திரை கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி.

சிகிச்சை என்றதும் மருந்தும் ஊசியும் நினைவுக்கு வரும். இங்கே பெரும்பகுதி சிகிச்சை அடுக்களையில் நடக்கிறது. திரவங்கள் எவ்வளவு கெட்டியாக இருக்கலாம், திட உணவு எவ்வளவு மசிந்திருக்க வேண்டும் என்பதற்கு இப்போது 0 முதல் 7 வரை உலகப் பொது அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதன் சோதனையை எந்த வீட்டிலும் செய்யலாம். பத்து மில்லி பிடிக்கிற சாதாரண சிரிஞ்சு ஒன்றை எடுத்து, ஊசியையும் உள்தண்டையும் கழற்றிவிட்டு, அடியை விரலால் அடைத்துக்கொண்டு கஞ்சியைப் பத்து மில்லி வரை ஊற்றுங்கள். விரலை எடுத்து, பத்து நொடி ஓடவிட்டு மறுபடி அடையுங்கள். உள்ளே ஒரு மில்லிகூட மிஞ்சவில்லை என்றால் அது தண்ணீருக்குச் சமம், நிலை 0. ஒன்று முதல் நான்கு மில்லி வரை மிஞ்சினால் நிலை 1. நான்கு முதல் எட்டு வரை என்றால் 2. எட்டுக்கு மேல் என்றால் 3. சொட்டுக்கூட இறங்கவில்லை என்றால் நிலை 4, கரண்டியால் ஊட்ட வேண்டிய கூழ். சிரிஞ்சுகளின் நீளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், 0 முதல் 10 வரையிலான கோடுகளின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

தெரபிஸ்ட் "இவருக்கு நிலை 2" என்று சொன்னால், எத்தனை கரண்டி மாவுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை வீட்டுப் பெண்கள் இரண்டே நாளில் கைப்பழக்கமாக்கிவிடுவார்கள். இரண்டு விஷயங்களை மட்டும் கவனிக்க வேண்டும். கேழ்வரகுக் கஞ்சியும் அரிசிக் கஞ்சியும் ஆற ஆறக் கெட்டியாகும். ஆகவே குடிக்கிற சூட்டில் சோதிக்க வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும். ஊட்டிய கரண்டியை மறுபடி கிண்ணத்தில் விட்டுக் கலக்கினால், கால் மணி நேரத்தில் கெட்டிக் கஞ்சி நீர்த்துப்போகும். கடைசிக் கரண்டிகளில் புரையேறுவதற்கு இதுவும் ஒரு காரணம். கிண்ணத்துக்கு ஒரு கரண்டி, வாய்க்கு ஒரு கரண்டி என்று பிரித்துக்கொண்டால் தீர்ந்தது.

திட உணவில் நம் ஊர்ச் சாப்பாட்டுக்கென்று சில கண்ணிகள் உண்டு. பழைய சோறு மென்மையானதுதானே என்று கொடுப்பார்கள். ஆனால் அதில் நீராகாரம் தனி, பருக்கை தனி. பருக்கையை மெல்லும்போதே தண்ணீர் தொண்டைக்கு ஓடிவிடும். திடமும் திரவமும் கலந்து நிற்கும் உணவுதான் விழுங்குவதற்கு ஆகக் கடினமானது. தளர்ந்த ரசம் சோறும் சாம்பாரில் மிதக்கும் இட்லியும் இதே வகை. அதே சோற்றைக் குழைய வடித்து, தயிரோ பருப்போ சேர்த்து, தண்ணீர் பிரியாமல் மசித்தால் பெரும்பாலானவர்களுக்கு இறங்கும். பார்டர் பரோட்டாவுக்குப் பெயர் போனது தென்காசிப் பக்கம். ஆனால் பரோட்டாவுக்குக் கடைவாயில் அரைக்கும் வலு வேண்டும். சால்னாவில் ஊறினாலும் உள்ளே நார் நாராகத்தான் இருக்கும். விழுங்குதல் கோளாறு உள்ளவருக்கு அது ஆகாது. குற்றாலச் சீசனில் குவியும் ரம்புட்டானை உரித்து முழுசாகச் சின்னப் பிள்ளைகள் வாயில் போடுவதும் ஆபத்து. வழுக்கும் உருண்டைப் பழம் நேரே மூச்சுக்குழாயின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். கொட்டையை எடுத்து, நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள்.

கெட்டிப்படுத்துவது ஒன்றே வழி என்று நினைத்துவிடவும் கூடாது. கெட்டித் திரவம் தாகம் தணிக்காது என்று பலர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். உடம்பில் நீர் வற்றிப்போகிறது. கெட்டிப்படுத்துவது நிமோனியாவை எந்த அளவுக்குத் தடுக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனால் நல்ல தெரபிஸ்ட் அதை இடைக்கால ஏற்பாடாகத்தான் வைத்துக்கொள்வார், கூடவே தசைக்குப் பயிற்சி தருவார். மல்லாந்து படுத்து, தோளை உயர்த்தாமல் தலையை மட்டும் தூக்கிக் கால் விரல்களைப் பார்க்கச் சொல்வது ஒரு பயிற்சி. உணவுக்குழாயின் மேல்வாயைத் திறக்கும் தசைகளை அது வலுப்படுத்தும். விழுங்கும்போது மேலேறிய தொண்டை மேட்டை இரண்டு மூன்று நொடி அங்கேயே நிறுத்திப் பிடிப்பது இன்னொன்று. தாடையை மார்பு நோக்கித் தாழ்த்தி விழுங்கச் சொல்வதும் உண்டு. இது சிலருக்கு மூச்சுக்குழாயைக் காக்கும், சிலருக்கு நிலைமையை மோசமாக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன பயிற்சியை நாமும் செய்து பார்ப்பது இதில் கூடாது.

பல் விளக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. மூக்கில் டியூப் போட்டவருக்கு, "வாய் வழியாச் சாப்பிடவே இல்லையே, எதுக்குப் பல்லு விளக்கணும்?" என்று விட்டுவிடுகிறார்கள். நுரையீரலைக் கெடுப்பது அழுக்கு வாயில் பெருகும் கிருமிகள். அவை எச்சிலோடு இறங்குகின்றன. சூசன் லாங்மோர் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், நிமோனியா வருவதை முன்கூட்டிச் சொன்ன காரணங்களில் முதலாவதாக நின்றது, சாப்பிடுவதற்குப் பிறர் கையை நம்பியிருப்பது. வாய்ச் சுகாதாரத்துக்குப் பிறரை நம்பியிருப்பதும் சொத்தைப் பற்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஊட்டுகிறவர் அவசரப்படுவார், நின்றுகொண்டு மேலிருந்து ஊட்டுவார், படுத்திருப்பவருக்கே ஊட்டுவார். நோயாளி வேகத்தைத் தானே தீர்மானிக்க முடியாது. கையில் கொஞ்சம் வலு இருந்தாலும், கரண்டியை அவரிடமே கொடுத்து, நம் கையை அவர் கைக்கு அடியில் தாங்கலாக வைத்தால் இந்த ஆபத்து குறையும்.

குழந்தைகளிடம் இதே பிழை இன்னும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, சங்கிலோ பாலாடையிலோ ஊற்றுவது நம் பாட்டிகளின் முறை. நலமான குழந்தைகள் எப்படியோ சமாளித்தார்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் கழுத்து பின்னால் வளைந்து விறைத்துக்கொள்ளும். நாமே அண்ணாந்துகொண்டு எச்சிலை விழுங்கிப் பார்த்தால் அது எவ்வளவு கடினம் என்று புரியும். அந்த நிலையில் வாயில் ஊற்றினால் விழுங்குவதற்கு வழியே இல்லை. நிமிர்த்தி உட்கார வைத்து, இடுப்புக்கும் பாதத்துக்கும் தாங்கல் கொடுத்து, தலையைச் சற்றே முன்னால் சாய்த்து, கண்ணுக்கு நேரே கரண்டியைக் கொண்டுவந்து, ஒரு கரண்டி விழுங்கி முடிந்தபின் அடுத்தது என்று கொடுத்தால், அரை மணி நேரம் அழுதுகொண்டு சாப்பிட்ட பிள்ளை அடங்கிச் சாப்பிடும். இதற்குப் பணம் வேண்டாம். யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்து, அந்தத் தாயின் கையைப் பிடித்துக் காட்டித் தர வேண்டும்.

அதைச் செய்கிற ஓர் அமைப்பு தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் இருக்கிறது. 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போன பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், அங்கே நடந்த உடற்திறன் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்து சொந்த ஊருக்குத் திரும்பினார். தனக்குச் சிகிச்சையளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில், 1981-ல், உலக ஊனமுற்றோர் ஆண்டில், அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு சேர்ந்துகொண்டார். ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இந்தச் சங்கத்தின் பணிகளில் நம் பொருளுக்கு நெருக்கமானது, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து வீடு தேடிச் சென்று பயிற்சி தரும் திட்டம். கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து மறுவாழ்வுப் பணியாளர்களாக ஆக்குகிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்க் குழந்தையோடு வேலை செய்து, கண்டதைக் கைபேசிச் செயலியில் பதிகிறார்கள். பிசியோதெரபிஸ்ட், தொழில்முறைச் சிகிச்சையாளர், ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்பு ஆசிரியர் ஆகியோர் அதைப் பார்த்து அடுத்த இலக்கை வகுக்கிறார்கள். வல்லுநர் ஒருவர், அவருடைய கண்ணும் கையுமாகக் கிராமத்துப் பெண்கள் பலர். இந்த ஏற்பாடு மருத்துவக் கல்லூரி இல்லாத ஊர்களுக்கு மிகப் பொருத்தமானது என்பது என் உறுதியான எண்ணம். கணக்கைப் பாருங்கள். வாரம் ஒரு தடவை பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போனால் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதற்குத் தாயின் ஒரு நாள் கூலி போகிறது. வீட்டில் பிள்ளை ஒரு நாளைக்கு ஐந்து தடவை வாய் திறந்து எதையாவது சாப்பிட்டால், வாரத்துக்கு முப்பத்தைந்து பயிற்சி வேளைகள் இருக்கின்றன. மூளை கற்றுக்கொள்வது திரும்பத் திரும்பச் செய்வதால்தான்.

இனி வார்த்தைக்கு வருவோம்.

1861-ல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, பல ஆண்டுகளாக "டான்" என்ற ஒரே அசையை மட்டுமே சொல்ல முடிந்த லெபோர்ன் என்ற நோயாளியின் மூளையை, அவர் இறந்தபின் ஆராய்ந்தார். இடப்பக்க முன்பகுதியில் ஓர் இடம் சிதைந்திருந்தது. லெபோர்னுக்குப் பிறர் பேசுவது புரிந்தது, பேசத்தான் முடியவில்லை. 1874-ல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே இதற்கு நேர்மாறான நிலையை விவரித்தார். மூளையின் சற்றுப் பின்னால் இருக்கும் இன்னொரு பகுதி கெட்டால் பேச்சு தடையில்லாமல் ஓடும், பொருள் இருக்காது, பிறர் சொல்வதும் புரியாது. பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு இப்படி ஏதோ ஒரு வகையில் மொழி தடைப்படுகிறது. மருத்துவத்தில் அஃபேசியா என்பார்கள்.

இது அறிவிழப்பு இல்லை. ஊரோ "புத்தி பேதலிச்சிட்டு" என்று முடிவு கட்டிவிடுகிறது. கடை நடத்தி, பிள்ளைகளைக் கரையேற்றிய ஒரு மனிதரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, அவர் இல்லாததுபோல அவரைப் பற்றியே பேசுகிறார்கள். அவருக்குப் பேத்தி யார் என்று தெரியும், வயலில் என்ன விதைத்திருக்கிறது என்று தெரியும். பெயர் மட்டும் வாய்க்கு வராது. செம்பைப் பார்த்துச் சட்டி என்பார், சொன்னது தவறென்று தெரிந்து கண் கலங்குவார். இந்த அவமானத்தைவிடப் பேசாமல் இருப்பதே மேல் என்று பலர் பேச்சையே விட்டுவிடுகிறார்கள். பேசப் பேசத்தான் திரும்பி வரும் என்பதால், இது இழப்பின் மேல் இழப்பு.

பயிற்சியின் போக்கு எளிமையானதாகத் தோன்றும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினால் பலருக்குப் பத்து வரை தானாக வந்துவிடும். ஞாயிறு, திங்கள் என்று தொடங்கினால் சனிவரை போகும். சிறுவயதிலிருந்து சொல்லிப் பழகிய வரிசைகள் அவ்வளவு எளிதில் அழிவதில்லை. அங்கிருந்து ஒரு படி மேலே ஏறுவார்கள். "அருவியில போய்க் குளி..." என்று தெரபிஸ்ட் நிறுத்தினால், மிச்சத்தை அவர் முடிப்பார். பிறகு முதல் ஒலியை மட்டும் கொடுப்பார்கள், பிறகு உதட்டசைவை மட்டும், கடைசியில் ஒன்றுமே தராமல் காத்திருப்பார்கள். ஒரு சொல்லும் சொல்ல முடியாதவர் பழகிய பாட்டை வார்த்தை மாறாமல் பாடுவதும் உண்டு. இந்த விந்தையை வைத்து, சொல்ல வேண்டியதை ராகமாக இழுத்து, இடது கையால் தாளம் தட்டிச் சொல்லவைக்கும் முறை 1973-ல் அமெரிக்காவில் அறிமுகமானது. தாலாட்டும் கும்மியும் கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு அது அந்நியமாக இருக்காது.

செங்கோட்டைப் பக்கத்தில் ஒரு கூடுதல் கேள்வி எழும். 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண். இன்றும் அங்கே தமிழும் மலையாளமும் கலந்து புழங்குகிறவர்கள் உண்டு. இரண்டு மொழி தெரிந்தவருக்கு அஃபேசியா வந்தால் இரண்டும் ஒரே அளவில் திரும்ப வேண்டும் என்றில்லை. ஒன்று முந்தலாம், சில நாள் கழித்து மற்றது முந்தலாம். வீட்டில் புழங்கும் மொழியிலேயே, அதுவும் அவர் பேசிய வட்டார வழக்கிலேயே பயிற்சி தருவதுதான் பயன் தரும். எண்பது வயதுத் தென்காசிக்காரரிடம் பாடப்புத்தகத் தமிழில் படம் காட்டிப் பெயர் கேட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று குறித்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

வீட்டார் செய்ய வேண்டியது டிவியை நிறுத்துவதிலிருந்து தொடங்குகிறது. முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், சிறு வாக்கியமாகப் பேசலாம். "என்ன வேணும்?" என்று கேட்பதைவிட, "டீயா, காப்பியா?" என்று இரண்டையும் காட்டிக் கேட்கலாம். பதிலுக்குப் பத்து நொடியாவது பொறுக்க வேண்டும். அந்தப் பத்து நொடி நமக்கு யுகமாகத் தெரியும். அவருக்கு அதுதான் வார்த்தையைத் தேடி எடுக்கும் நேரம். நாம் முந்திக்கொண்டு சொல்லி முடித்தால் அந்தத் தேடலைப் பறித்துக்கொள்கிறோம்.

பேச்சே வராது என்று தெரிந்தபின்னும் வழி இருக்கிறது. படங்களைத் தொட்டால் குரலாக ஒலிக்கும் 'ஆவாஸ்' என்ற செயலி சென்னையில் உருவானது. ஒரு சாதாரண அட்டையில் தண்ணீர், வலி, கழிவறை, வேண்டாம் என்று நான்கு படம் ஒட்டிக் கொடுத்தாலே பல வீடுகளில் கோபமும் அழுகையும் பாதியாகக் குறைகிறது. படம் காட்டப் பழகினால் பிள்ளை பேசவே மாட்டான் என்ற அச்சம் பெற்றோரிடம் உண்டு. அது தவறு, கருத்தைத் தெரிவிக்க ஒரு வழி கிடைத்த குழந்தைகள் பேசுவதும் பெரும்பாலும் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

குழந்தைகள் விஷயத்தில் நம்மிடம் இருக்கும் பெரிய எதிரி ஆறுதல்தான். "ஆம்பளப் பிள்ளைக்கு லேட்டாத்தான் வரும்", "இவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசுனான்" என்று சொல்லி, வசம்பை உரைத்து நாக்கில் தடவி, கோயிலுக்கு மணி கட்டுவதாக வேண்டிக்கொண்டு, வருடங்களை விட்டுவிடுகிறார்கள். வேண்டுதல் இருக்கட்டும், அதோடு காதையும் சோதித்துவிடுங்கள். ஒரு வயதை ஒட்டி முதல் சொல், இரண்டு வயதில் "அம்மா வா" போல இரண்டு சொல் சேர்ப்பது, கூப்பிட்டால் திரும்புவது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவது இவை வராவிட்டால் காத்திருக்கக் கூடாது. பிறந்த குழந்தையின் காதைச் சோதிக்கும் கருவி, தூங்கும் பிள்ளைக்குச் சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடும். முதல் மாதத்துக்குள் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் உறுதி, ஆறாம் மாதத்துக்குள் சிகிச்சை என்பது வல்லுநர்கள் வகுத்த கெடு. சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைக்குத் தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. ஆனால் கருவி ஒலியைத்தான் தரும். ஒலியைப் பேச்சாக்குவது அதன்பின் நடக்கும் நீண்ட பயிற்சி. அறுவை முடிந்ததும் பயிற்சியைப் பாதியில் விட்டால் அத்தனையும் வீண்.

புகையிலையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. பீடி சுற்றியே குடும்பம் நடத்தும் பெண்கள் நிறைந்த மாவட்டம் இது. பீடிப் புகையால் வரும் குரல்வளைப் புற்றுநோய் முற்றினால் குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு, குரல் அறவே போய்விடும். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே ஒரு சிறு வால்வைப் பொருத்தி மறுபடி பேசவைக்கும் முறையை அமெரிக்காவில் பிளாம், சிங்கர் என்ற இருவர் 1980-ல் அறிவித்தார்கள். இறக்குமதியாகும் வால்வுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும், அதையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். பெங்களூர் மருத்துவர் விஷால் ராவ் 50 ரூபாய் அளவில் 'ஓம்' என்ற வால்வை உருவாக்கியது இந்தப் பின்னணியில்தான். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரப்பு மாறவில்லை என்றால், தொண்டையைக் காட்டுங்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. குரல்வளை எடுக்கப்பட்டவரும் அஃபேசியா நிலைத்துவிட்டவரும் சான்றிதழும் அடையாள அட்டையும் பெற உரிமையுள்ளவர்கள். கேட்டுப் பெறுகிறவர்கள் குறைவு. விழுங்குதல் கோளாறு அந்தப் பட்டியலில் தனி வகையாக இல்லை. மனிதனின் முதல் தேவையான சோற்றைத் தடுக்கும் ஒரு குறை கணக்கில் வராமல் இருப்பதைச் சரிசெய்ய வேண்டும்.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. மாவட்டத் தலைமை மருத்துவமனை தொடங்கித் தாலுகா மருத்துவமனைகள் வரை ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் பணியிடமும், ஆய்க்குடியில் செய்துகாட்டியதுபோல அவர் சொல்வதை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் பணியாளர்களும் வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது. அதுவரை வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் ஒருவருக்கு முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவமனையில் சேர்த்தபின், முதல் கரண்டி கொடுப்பதற்கு முன் நர்ஸிடமோ டாக்டரிடமோ கேளுங்கள்: "இவருக்கு விழுங்குற சோதனை பண்ணியாச்சா?"